அல்லூர் மீனும் கண்ணாடித் தொட்டியும்

1829ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு ஒரு போத்தலில் இட்டு மூடி வைத்தார். அந்துப்பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் போத்தலுக்குள் பெரணியும் புல்லும் முளைத்தன. நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் கருகிக்கொண்டிருக்க, மூடிய கண்ணாடிக்குள் இருந்தது மட்டும் தழைத்தது. அந்தப் போத்தலிலிருந்து 'வார்டு பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டி பிறந்தது. தளிர்ச் செடிகளைக் கடல் கடந்து உயிரோடு கொண்டுபோக அதுவே வழியாயிற்று.

ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை, லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து இத்தகைய பெட்டிகளில்தான் இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் காடுகள் அங்கிருந்து தொடங்குகின்றன. அதே பெட்டி வேறொரு வழியிலும் வளர்ந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன், நீர்ப்பாசிச் செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதைக் காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறந்தது. 1854இல் ஃபிலிப் காஸ் எழுதிய நூலின் வழியாக 'அக்வேரியம்' என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது.

ரப்பர் தோட்டமும் வீட்டு மீன் தொட்டியும் இப்படி ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு உறவு. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடங்களில் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலமும் ஒன்று. ரந்தாவ், லாபு, லுக்குட், பகாவ், ஜெலுபு வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு மீன் வளர்ப்பு கடையில் தொடங்கவில்லை; அல்லூரில், அதாவது தோட்டத்து வடிகால்வாயில் தொடங்கியது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தாமான் குடியிருப்பு வீடுகளில் நன்னீர்த் தொட்டியும் உப்புநீர்த் தொட்டியும் வைக்கிறார்கள். எந்த நீர், எந்த மீன், எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்ற கேள்வியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும். அந்த விடையில் பாதி, தாத்தாக்கள் மீன் பிடித்த அதே கால்வாயிலேயே இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளின் கருவிகள் எளியவை. பழைய கொசுவலைத் துண்டு, மைலோ டின், ஓர்லிக்ஸ் போத்தல். புல் சாய்ந்திருக்கும் ஓரங்களில் சிறு சிறு நுரை மிதந்தால் அங்கே ஆண் சண்டை மீன் கூடு கட்டியிருக்கிறது என்று பொருள். இரண்டு கையையும் குவித்து, புல்லோடு சேர்த்து அள்ள வேண்டும். போத்தல்களை வரிசையாக வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துச் சீறாமலிருக்க நடுவே அட்டை செருகுவார்கள். செப்பாட், புயு, அருவான், கெலி என்று மலாய்ப் பெயர்களிலேயே தமிழ்ப் பிள்ளைகள் இந்த மீன்களை அறிந்திருந்தார்கள். அருவான் என்பது தமிழகத்து விரால். கெலி, கெளுத்தி இனம். செப்பாட், கௌராமி இனம்.

இந்தப் பட்டியலில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இவை அத்தனையும் நீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். சண்டை மீன், செப்பாட், புயு மூன்றுக்கும் செவுளுக்கு மேலே சிக்கலாக மடிந்த ஓர் உறுப்பு உண்டு. அருவானுக்கும் கெலிக்கும் வேறு வடிவில் அதே வசதி இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சதுப்பிலும் தேங்கிய கால்வாயிலும் வாழப் பிறந்தவை அவை. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான் வந்தது. காற்றுக் குமிழி விடும் மோட்டாரை வைத்து மீன் வளர்க்க வழியே இல்லை. அந்த லயன் வீட்டுத் திண்ணையில் தங்கமீன் ஒரு வாரம் தாங்கியிருக்காது. புயு ஆண்டுக்கணக்கில் தாங்கியது. மலாய்க் குடும்பங்களில் புயுவைத் தாழியில் இட்டு வளர்க்கும் வழக்கம் இருப்பதற்கும் காரணம் அதுவே. இடத்துக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது என்பதை இன்றைய வழிகாட்டி நூல்கள் முதல் பாடமாகச் சொல்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கமாகவே இருந்தது.

புயுவுக்குத் தமிழில் பனையேறிக் கெண்டை என்று பெயர். அந்தப் பெயரை ஐரோப்பிய அறிவியல் உலகம் கவனித்தது தமிழ் மண்ணிலிருந்துதான். டேனியர்களின் தரங்கம்பாடியில் பணியிலிருந்த டால்டோர்ஃப் என்ற அதிகாரி, 1791இல் பனைமர இடுக்கில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தது. மீன் உண்மையிலேயே மரம் ஏறுமா என்று அதன் பிறகு நெடுங்காலம் வாதம் நடந்தது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் அது நடக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. தொட்டியில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி உண்டு: மூடி இல்லாத தொட்டியில் புயுவை விட்டால் காலையில் அது சோபாவுக்கு அடியில் கிடக்கும்.

சண்டை மீனின் பெயர்க்கதை இன்னும் சுவையானது. சயாம் மன்னரிடமிருந்து ஒரு நண்பர் வழியாகச் சில சண்டை மீன்களைப் பெற்ற தியோடர் கான்டர், 1849இல் அவற்றைப் 'போரிடும்' என்று பொருள்படும் 'பக்னாக்ஸ்' என்ற இலத்தீன் பெயரோடு சேர்த்து எழுதினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் டேட் ரீகன் அதைத் தவறென்று கண்டார். அந்தப் பெயருக்குரியது பினாங்கில் கிடைத்த வேறொரு மீன். எனவே சயாம் மீனுக்கு 1910இல் 'பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்' என்று புதுப்பெயர் வைத்தார். பக்னாக்ஸ் என்ற பெயரோடு தங்கிவிட்ட மீன் தீபகற்ப மலேசியாவின் குன்றோடைகளில் வாழ்வது. அதன் ஆண் சண்டைக்குப் பேர்போனது அல்ல. முட்டைகளை வாயில் ஏந்தி, குஞ்சு வெளிவரும் வரை காக்கிறது.

மேற்குக் கரையோரத்து வாய்க்கால்களில் பிள்ளைகள் பிடித்த சண்டை மீன் பெரும்பாலும் மூன்றாவது இனம். கோலாலம்பூர் மீன்களை வைத்து 1975இல் லாடிகெஸ் அதற்கு 'இம்பெல்லிஸ்' என்று பெயரிட்டார். போர்க்குணம் இல்லாதது என்று பொருள். உண்மையில் இரண்டு ஆண்கள் மோதினாலும் சீக்கிரமே ஒன்று விலகிப்போய்விடும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிறு பிளாஸ்டிக் பையில் தொங்கும் நீண்ட துடுப்பு மீன் சயாம் இனத்தின் பண்ணை வழித்தோன்றல். அது எளிதில் விலகாமல் கடிக்கும். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அப்படி ஆக்கிவிட்டார்கள். அதை மோதவிட்டுப் பணம் கட்டுவதை வளர்ப்பு என்று சொல்ல முடியாது.

தோட்டத்தின் நீர்க்கதையில் கொசுவும் உண்டு. கிள்ளான் வட்டாரத்தில் 1901 முதல் மலேரியாவோடு போராடிய மருத்துவர் மால்கம் வாட்சன், சமவெளியில் சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறைவதைக் கண்டார். குன்றுப்பகுதித் தோட்டங்களில் நடந்ததோ நேர்மாறு. காட்டை வெட்டி ஓடையில் வெயில் பட்டதும், வெயிலை விரும்பும் இன்னொரு அனாபிலஸ் கொசு இனம் பெருகியது. நெகிரி செம்பிலான் பெரும்பாலும் குன்றும் பள்ளமுமான நிலம். கால்வாய் வெட்டியும் நிலத்தடிக் குழாய் புதைத்தும் எண்ணெய் தெளித்தும்தான் தோட்டங்களில் உயிர்ச்சேதத்தைக் குறைக்க முடிந்தது. அந்தக் கால்வாய்களை வெட்டியதும், எண்ணெய் தெளித்ததும், காய்ச்சலில் மடிந்ததும் பெரும்பாலும் தமிழர்களே. பேரப்பிள்ளைகள் மீன் பிடித்து விளையாடிய அல்லூர் அந்த உழைப்பின் மிச்சம்.

கொசுப்புழுவைத் தின்னும் என்று உலகமெங்கும் கொண்டுபோகப்பட்ட கப்பி மீனும் அப்படித்தான் மலேசிய லோங்காங் வடிகால்களில் குடியேறியது. டிரினிடாட், வெனிசுவேலா பக்கத்து மீன் அது. 1859இல் பீட்டர்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். டிரினிடாடிலிருந்து அதை லண்டனுக்கு அனுப்பிய லெச்மியர் கப்பியின் பெயர் 1866இல் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. இன்று எந்தத் தொட்டிக்காரருக்கும் முதல் மீன் பெரும்பாலும் கப்பிதான். முட்டையிடாமல் குஞ்சு போடும், குஞ்சுகள் ஒரு மாதத்தில் நிறம் காட்டும். வீட்டில் ஏடிஸ் கொசு பற்றிய அச்சம் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மீன் உள்ள தொட்டியில் கொசுப்புழு பிழைக்காது. மீன் செத்தபின் கொல்லைப்புறத்தில் மழைநீர் தேங்கக் கிடக்கும் வெறும் தொட்டிதான் ஆபத்து. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக விடுவது அபராதத்துக்குரிய குற்றம்.

தோட்டங்கள் சுருங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய்ச் சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தாமான்கள் எழுந்தன. லயன் வீட்டிலிருந்து வந்த குடும்பத்தின் வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி அமர்ந்தது. 1990களின் இறுதியில் மலேசியப் பண்ணைகளில் கலப்பினமாக உருவான 'ஃபிளவர்ஹார்ன்', நெற்றிப் புடைப்போடும் உடம்பில் சீன எழுத்துப்போன்ற கோடுகளோடும் செல்வ மீனாகப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இதே மீனையும் அரோவானாவையும் வாஸ்து மீன் என்று விற்கிறார்கள். வாஸ்து எதுவாக இருந்தாலும் உயிரியல் ஒன்றுதான்: ஃபிளவர்ஹார்ன் ஒரு முரட்டு மீன், தொட்டியில் துணை வைக்க முடியாது, இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை.

ஆசிய அரோவானா, அதாவது கெலிசா, சட்டத்தோடு பிணைந்த மீன். அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்ஸில் அது முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தி, சான்றிதழோடு வரும் மீனைத்தான் விற்க முடியும். மலேசியப் பொன் அரோவானாவுக்குப் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவே பிறப்பிடம். சான்றிதழ் இல்லாத மலிவு அரோவானா யாராவது கொடுத்தால் வாங்காமலிருப்பதே நல்லது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டு முதல் அழியும் நிலை உயிரினங்களின் வணிகத்துக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது.

இனித் தொழில்நுட்பத்துக்கு வரலாம். தொட்டி வாங்கியவர்களில் எத்தனையோ பேர் முதல் மாதத்திலேயே மனம் உடைந்து விட்டுவிடுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்குகிறார்கள். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். 50 லிட்டர் கண்ணாடிக்குள் எங்கே போகும்? நல்வாய்ப்பாக, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இன்னொரு வகையும் இயற்கையில் உண்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொல்லும். நைட்ரேட்டைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். செடிகள் அதை உண்ணும், வாராந்திரத் தண்ணீர் மாற்றம் மீதியைக் குறைக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்த வாரங்களைப் பொறுமையாகக் கடந்தால் ஆண்டுக்கணக்கில் தொந்தரவு இல்லை.

நிறைய பேர் செய்யும் அடுத்த தவறு சுத்தம். தொட்டி கலங்கிவிட்டது என்று மொத்த நீரையும் கொட்டி, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்த வீட்டுத் தாயின் கை நல்லெண்ணத்தோடுதான் தேய்க்கிறது. ஆனால் ஆறு வாரம் வளர்ந்த பாக்டீரியாக் குடியிருப்பு முழுவதும் அன்றைக்கே அழிகிறது. இரண்டாம் நாள் மீன் மிதக்கும். பழி மீன் கடைக்காரர் மேல் விழும். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரத்துக்குக் கால் பங்கு நீரை மட்டும் மாற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் ஓர் இரவு வைத்தால் அது பறந்துவிடும், ஆனால் குளோரமின் கலந்த நீராக இருந்தால் அப்படிப் போகாது. கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சில துளி விட்டுவிடுவது பாதுகாப்பு.

செலவைப் பற்றிய பயம் நன்னீரில் தேவையில்லை. மலேசிய வெப்பத்தில் நீர் 28 பாகை அளவில் நிற்பதால், குளிர்நாட்டுக்காரர்கள் வாங்கும் சூடேற்றி இங்கே வேண்டாம். ஐந்து வாட் வடிகட்டி இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான். கவனிக்க வேண்டியது எடை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஐம்பது லிட்டருக்கு மேல் நீர் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை வந்துவிடும். சாதாரண மர அலமாரி அதைத் தாங்காது.

எந்த மீன் என்ற கேள்வி இங்கேதான் சூடு பிடிக்கிறது. கடைகளில் அமேசானின் நியான் டெட்ராவும், பினாங்குப் பண்ணைகள் பேர்பெற்ற டிஸ்கஸும், ஜப்பானியக் கோயியும் மின்னுகின்றன. இவற்றுக்குப் பக்கத்தில் செம்பொன் உடலில் கறுப்பு முக்கோணம் போட்ட, இரண்டு அங்குலம்கூட எட்டாத ஒரு மீன் கூட்டமாக நீந்தும். 'ஹார்லிக்வின் ரஸ்போரா' என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறையாகத் தேடி வாங்கப்படும் மீன் அது. 1904இல் ஜெர்மானிய அறிஞர் டங்கர், மலாயா மீன்களைப் பற்றிய தம் ஆய்வில் அதற்குப் பெயரிட்டார். அதன் சொந்த ஊர் தென் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா. நிழல் படர்ந்த காட்டோடையில், இலை ஊறித் தேநீர் நிறமான மென்னீரில் வாழ்கிறது. பெண்மீன் தலைகீழாகத் திரும்பி, நீர்ச்செடியின் இலை அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டுகிறது. ஐரோப்பியர் அமில மென்னீரை மருந்து கலந்து உருவாக்க வேண்டும். இங்கே கெத்தாப்பாங் இலை இரண்டைக் காயவைத்துத் தொட்டியில் போட்டால் நீர் பழுப்பேறி மீனுக்கு வீட்டு வாசம் வந்துவிடும். தமிழகத்தில் நாட்டு வாதுமை என்று சொல்லும் அதே மரத்தின் இலை. சண்டை மீன் வளர்ப்போர் காலகாலமாக நம்பும் கைமருந்தும் அதுவே.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் கடக்க முடியாது. தேநீர் நிற நீருள்ள சதுப்புக்காடுகளைத்தான் தோட்டங்களும் நகரங்களும் வடித்து உலர்த்தின. ஜொகூரின் சதுப்பில் மட்டும் வாழும் 'பெட்டா பெர்செபோனி' என்ற கருநிறக் குட்டிச் சண்டை மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. சிலாங்கூரின் வடக்குச் சதுப்புக்காட்டை நம்பியிருக்கும் 'பெட்டா லிவிடா'வும் பாதுகாப்பாக இல்லை. செம்பனை ஓரத்துக் கால்வாயில் வெயிலும் வண்டலும் களைக்கொல்லியும் சேர்ந்து, தாங்கும் மீன்களை மட்டும் மிச்சம் வைக்கின்றன. தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அது அந்தப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை முன்வைத்து நடந்த நீண்ட போராட்டத்தின் பலன். அல்லூருக்கும் அது நல்ல செய்தி.

உப்புநீர்த் தொட்டி வேறு உலகம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை அரை மணிப் பயணம்தான். தஞ்சோங் துவான் முனையைச் சுற்றிப் பவளமும் கடற்புல்லும் இருக்கின்றன. வார இறுதியில் குடும்பத்தோடு போகும் ஒருவருக்கு, ஒரு வாளி கடல்நீரும் நாலு கல்லும் எடுத்துவந்து தொட்டி அமைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆசை பெரும்பாலும் சாவில் முடியும். ஆறுகள் கலக்கும் கரையோர நீரின் உப்பு மழைக்கு மழை மாறும். மலாக்கா நீரிணையின் வண்டலும் கப்பல் போக்குவரத்தின் கழிவும் அதில் உண்டு. தொட்டிக்கு வேண்டிய உப்பு அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். 200 லிட்டர் தொட்டியை நிரப்ப ஏழு கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. நீர் ஆவியாகும்போது உப்பு மிஞ்சி அடர்வதால், தினமும் நல்ல நீரைச் சேர்க்க வேண்டும். பவளம் வைத்தால் நீரை 26 பாகையை ஒட்டிக் குளிர்விக்கும் இயந்திரமும் வேண்டும். 250 வாட் குளிரூட்டி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 75 யூனிட். முன்பு சொன்ன நன்னீர் வடிகட்டியைப் போல இருபது மடங்கு.

பணத்தைவிடக் கனமான கேள்வி மீன் எங்கிருந்து வருகிறது என்பது. ஐக்கிய நாடுகளின் சூழல் அமைப்பு 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரையான கடல் அலங்கார மீன்கள் உலகச் சந்தைக்கு வருவதாகக் கணக்கிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பான்மை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களிலோ கிட்டத்தட்ட எல்லாமே பவளப் பாறையிலிருந்து பிடித்தவை. பிலிப்பீன்ஸில் 1960களிலிருந்து சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். அது பாறையையும் கொன்றது, மீனையும் சில வாரத்தில் கொன்றது.

இத்தகைய அழிவு புதிதல்ல. அன்று ஃபிலிப் காஸ் எழுதியவற்றைப் படித்து இங்கிலாந்தே கடற்கரைக்கு ஓடியது. வாளியும் வலையுமாகப் போனவர்கள் பாறைக்குட்டைகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தந்தையின் நூல்கள் அறியாமல் செய்த அந்த அழிவைப் பற்றி அவருடைய மகன் எட்மண்ட் காஸ், 1907இல் வெளியிட்ட நினைவு நூலில் துயரத்தோடு எழுதினார். தஞ்சோங் துவானில் அதே கதை நடக்கக் கூடாது. கல்பவளங்கள் அனைத்தும் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் உள்ளன, கடற்குதிரைகளும் அப்படியே. இந்தியாவில் 2001 முதல் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன.

நல்ல வழியும் இருக்கிறது. கோமாளி மீனை 1970களிலேயே அமெரிக்காவில் பண்ணையில் பெருக்கிவிட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் மையமும் கோமாளி மீன் வகைகளை வளர்த்துப் பெருக்கும் முறையை உருவாக்கியது. எல்லாக் கோமாளி மீன்களும் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் முதன்மையானது மட்டும் பெண்ணாக மாறும் என்பது வளர்ப்பவரை மலைக்க வைக்கும் ஒன்று. உப்புநீரில் இறங்கத்தான் வேண்டும் என்பவர் ஓராண்டு நன்னீரில் கை பழகிவிட்டு, பண்ணையில் பிறந்த ஒரு சோடிக் கோமாளி மீனோடு, பவளம் இல்லாமல் தொடங்கலாம். அதற்கு முன் வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு.

மீன் வளர்ப்பில் மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு. தொட்டிக்கு மீறி வளர்ந்த மீனைப் பாவம் என்று ஆற்றில் விடுவது. பாசி தின்னும் என்று சிறு விரல் அளவில் வாங்கிய 'பண்டாராயா மீன்' ஒன்றரை அடி வரை வளரும். தென்னமெரிக்காவின் அந்த முரட்டுத்தோல் மீனை இங்கே அடக்கக்கூடிய எதிரி குறைவு. கரையைக் குடைந்து கூடு கட்டி மண்ணைச் சரிக்கும். சிலாங்கூர் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. சிரம்பான் வழியாக ஓடிக் கடலில் சேரும் லிங்கி ஆற்றுக்கும் அதே கதி வரக்கூடாது. ஃபிளவர்ஹார்னும் செவ்வால் கெளுத்தியும் இதே வழியில் வெளியேறியவை. ஆற்றில் விடும் கை இரக்கத்தோடு விடுகிறது. அந்த ஆற்றில் பிறந்த செப்பாட்டுக்கும் ஹார்லிக்வினுக்கும் அது பேரிடி. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், வேறு வளர்ப்பவருக்குத் தரலாம். உயிருள்ள அயல் மீனை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. வீட்டுத் தொட்டியிலிருந்து ஆற்றுக்குப் போகும் பத்தடித் தூரத்தைச் சட்டத்தால் காவல் காக்க முடியாது.

பொழுதுபோக்கு வருமானமாகுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னைக் கொளத்தூர் ஒரு சான்று. அங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் சண்டை மீனும் கப்பியும் வளர்த்து நாடெங்கும் அனுப்புகின்றன. மலேசியாவில் அந்த இடம் ஜொகூருடையது. ஆனால் நெகிரி செம்பிலானிலும் அறிவுக்குப் பஞ்சமில்லை: ஜெலுபு மாவட்டத்துக் கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் ஆய்வு மையம் இருக்கிறது. நாட்டு ஆற்று மீன்களின் இனப்பெருக்கம் அதன் வேலைகளில் ஒன்று.

தோட்டம் விட்டு வந்த தாத்தா ஒருவர் பேரனோடு மீன் கடைக்குப் போனால், பேரன் வண்ண மீனைக் காட்டுவான். தாத்தாவுக்குச் செப்பாட்டை அடையாளம் தெரியும், அது எந்தக் கரையோரத்தில் எந்த மாதத்தில் கூடு கட்டும் என்றும் தெரியும். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பறை மூலையில் மூடியுள்ள ஓர் இரண்டடித் தொட்டி, கெத்தாப்பாங் இலை நாலு, ஆறு வாரப் பொறுமை, பிறகு பத்து ஹார்லிக்வின், இரண்டு செப்பாட். அறிவியல் பாடத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறென்ன கிடைக்கும்? தொட்டி தயாரானதும் அந்தத் தாத்தாவையும் ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். அல்லூரைப் பற்றி அவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.